ஆற்றங்கரையில் பிரிந்த சகோதரர்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களின் குழந்தைகள் பள்ளியிலே தெலுங்கு கற்கின்றனர். தமிழோ பெரும்பாலும் செவி வழியாகவே அவர்களை அடைகின்றது. ஆதலின் இரவில் நாம் சொல்லும் கதையே அவர்கட்குத் தமிழ்ப் பாடசாலையாகும்.

அரிச்சந்திரன் கதையை அறியாத தமிழர் இல்லம் அரிது. அதனையொத்த கதையொன்று கிறிஸ்தவர்களிடையேயும் உண்டு. இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் நாட்டுக்கூத்தாக ஆடிவந்த எஸ்தாக்கியார் கதையே அது.

எஸ்தாக்கியார் ரோமாபுரிச் சேனைத் தலைவர். வேட்டையின்போது ஒரு கலைமானின் கொம்புகளிடையே சிலுவையைக் கண்டு கிறிஸ்தவரானார். பின்னர்ச் செல்வமனைத்தும் அழிந்தது. குடும்பத்தோடு கப்பலேறினார், கூலி கொடுக்க வகையின்மையால் கப்பல் தலைவன் அவர் மனைவியைப் பறித்துக்கொண்டான். ஓர் ஆற்றைக் கடக்கையில், மைந்தர் இருவருள் ஒருவனைச் சிங்கமும் மற்றவனை ஓநாயும் கவ்விச் சென்றன. தந்தையார் வயற்காவல் புரிந்து காலங்கழித்தார்.

மைந்தர் இறந்திலர். ஊரார் அவர்களை மீட்டு வளர்த்தனர். வளர்ந்தபின் இருவரும் ஒரே சேனையிற் சேர்ந்தனர். தாம் சகோதரர் என்பதை அறியார். ஒரு நாள் மூத்தவன் தன் இளமைக் கதையைச் சொன்னான். அதைக் கேட்ட இளையவன், "நீ என் அண்ணன்!" என்று தழுவிக்கொண்டான். அருகிலிருந்த தாயும் அச்சொற்களைக் கேட்டு மக்களை உணர்ந்தாள். சேனாபதியே தந்தையெனப் பின்னர்த் தெரியவந்தது. ஆயினும் தேவதைகளுக்குப் பலியிட மறுத்தமையால் ஆத்ரியன் என்னும் பேரரசன் நால்வரையும் கொல்வித்தான் என்று கதை முடிகின்றது.

"இது மெய்யாக நடந்ததா, அப்பா?" என்று குழந்தை கேட்பின், மறைக்காது விடை கூறல் வேண்டும். 117 முதல் 138 வரை ஆண்ட ஆத்ரியன் மெய்; எஸ்தாக்கியார் வரலாற்றுக்கோ உறுதியான சான்றில்லை. 1969-இல் திருச்சபை தன் பொதுத் திருநாட்குறிப்பினின்றும் அவர் நினைவு நாளை நீக்கியது. எனினும் கிறிஸ்தவர்கள் துன்புற்றது பொய்யன்று. தேவதைகளை வணங்க மறுத்தோரைத் தண்டித்ததாகப் பிளினி என்னும் ஆளுநர், ஏறக்குறைய 112-இல், டிராஜன் பேரரசனுக்கு எழுதிய கடிதம் இன்றுமுள்ளது.

இத்தகைய அடியார் கதைகள் தமிழுக்குப் புதியனவுமல்ல. போர்த்துக்கல் நாட்டினரான அன்றீக் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களுக்காக 1586-இலேயே அவற்றைத் தமிழ் உரைநடையில் அச்சேற்றினார்.

என் போன்ற ரெயில்வே குமாஸ்தாக்களின் குடும்பங்கள் மாற்றல் உத்தரவுக்கேற்ப ஊர்தோறும் சிதறுகின்றன. அச்சகோதரரைச் சேர்த்துவைத்தது பொன்னுமன்று, படையுமன்று. நினைவிலிருந்த ஒரு கதையே. எம்மதத்தினராயினும், நம் வீட்டுக் கதையை நம் பிள்ளைகள் தமிழிற் சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ?