அச்சானது 10 லட்சம், மிஞ்சியது கொஞ்சம்

நகைக்கடையில் சவரன் என்றால் எட்டு கிராம். அந்தப் பெயரைத் தந்தது 1817இல் வெளிவந்த 'சாவரின்' என்ற பிரிட்டிஷ் தங்க நாணயம். 22 காரட், எடை 7.98 கிராம். ஆண்டுதோறும் அச்சான எண்ணிக்கை நாணயச்சாலைப் பதிவேடுகளில் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி விலை பேசுகிற சேகரிப்பாளர் ஏமாறக்கூடும். அச்சானதைத்தான் பதிவேடு சொல்லும், உருக்கப்பட்டதை அல்ல.

1819இல் அச்சானவை 3,574 மட்டுமே. அது அபூர்வமானதில் வியப்பில்லை. ஆனால் 1917இல், முதல் உலகப் போரின் நடுவே, லண்டனில் 10,14,714 அச்சாயின. இன்று அவை கிடைப்பது வெகு அரிது. பெரும்பாலானவை போர்க்கடனுக்காக அமெரிக்கா போய் உருக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அச்சானவையோ தாராளமாகக் கிடைக்கின்றன. 1918இல் மட்டும் பம்பாயில் அச்சான சுமார் 13 லட்சம் நாணயங்களும் அப்படியே.

அடையாளம் எளிது. ஆண்டுக்கு மேலே, குதிரையின் காலடித் தரையில், பெர்த் நாணயத்தில் 'பி', பம்பாய் நாணயத்தில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். லண்டன் நாணயத்தில் எந்த எழுத்தும் இராது. எழுத்தில்லாத 1917 நாணயத்தை யாராவது நீட்டினால், மகிழ்வதற்கு முன் சோதிப்பது நல்லது. அதற்குப் போலிகள் ஏராளம்.