தப்பாற் பையும் மின்னஞ்சல் வாயிலும்

அட்டன், பொகவந்தலாவை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிற் பிறந்து நம் கல்லூரியிற் பயின்ற பழைய மாணவர் எவரும் தோட்டத்துத் தப்பாற் பையை மறந்திருக்கமாட்டார். 1884-ல் அட்டனையும் 1885-ல் நானுஓயாவையும் புகையிரதம் எட்டியபின் கடிதங்கள் மலைக்கு விரைந்து வந்தன. ஆயினும் அவை லயங்களுக்கு நேரே சென்றில. தபாற் கந்தோரிலிருந்து தோட்டத்து ஆள் ஒருவர் பையைச் சுமந்து வருவார். தோட்டக் கந்தோரில் அது பிரிக்கப்படும். அங்கிருந்தே கடிதம் உரியவர் கைக்குச் செல்லும். லயக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாமையாற் பல தோட்டங்களில் இன்றும் இதுவே வழக்கம். கந்தோரில் இருப்பவர் கருத்துடையவராயின் கடிதம் உரிய காலத்திற் சேரும். இல்லையேல் நேர்முகப் பரீட்சை முடிந்த பின்னரே அதற்கான அழைப்பு வந்து சேரும்.

இப்பழங்கதையை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. விழா நிதி திரட்டத் தொடங்கிய நாட்களில், நம் சங்கச் செயலாளர் பெயரால், நம் கல்லூரி முகவரியிலிருந்தே வந்தது போன்ற மின்மடல் ஒன்று அன்பர் பலருக்குச் சென்றது. அதிற் குறித்திருந்த வங்கிக் கணக்கு நம்முடையதன்று. அன்பர் ஒருவர் பணம் அனுப்புமுன் தொலைபேசியில் வினவியமையாலேயே அவ்வஞ்சனை வெளிப்பட்டது. அதன்பின் நம் மின்னஞ்சலை ஒரு பாதுகாப்புச் சேவையின் காவலில் வைத்தோம். அதனைச் செய்யும் முறையை ஏனைய சங்கத்தாரும் மாணவரும் அறிதல் நலம்.

மின்னஞ்சல் முகவரியில் வளைந்த குறிக்குப் பின்னுள்ள பகுதியே டொமைன் எனப்படும் ஆள்களப் பெயர். அது தோட்டத்தின் பெயர் போன்றது. குறிக்கு முன்னுள்ளது ஆளின் பெயர். ஒருவர் நமக்கு மடல் அனுப்புங்கால், அவருடைய சேவையகம் இணையத்தின் பெயரேட்டை நோக்கி, 'இத்தோட்டத்துக் கடிதங்களை எக்கந்தோரிற் கொடுப்பது?' என்று கேட்கும். விடை கூறுவது எம்.எக்ஸ். என்னும் பதிவு. 1986-ல் வகுக்கப்பட்ட இம்முறையிற் பல வாயில்களைக் குறிக்கலாம். சிறிய எண்ணுடைய வாயிலே முதலில் நாடப்படும். அவ்வாயிலாகப் பாதுகாப்புச் சேவையை நிறுத்துவதே நாம் செய்யும் காரியம்.

முதலாவதாக, ஆள்களப் பெயரைச் சேவையிற் பதிந்து, அது நமதே என நிறுவவேண்டும். சேவை தரும் சொற்கோவையொன்றைப் பெயரேட்டில் நாம் எழுதிவிட, அதுவே அத்தாட்சியாகும். இரண்டாவதாக, சோதித்த மடல்களை ஒப்படைக்கவேண்டிய நம் மெய்யான சேவையகத்தையும், உள்ள அஞ்சற் பெட்டிகளின் பெயர்களையும் கொடுத்தல் வேண்டும். பெயர் ஒன்று விடுபட்டால் அவருக்கு வரும் கடிதம் வாயிலிலேயே திருப்பப்படலாம். மூன்றாவதாக, சோதனை மடல் சேர்கின்றதா எனப் பார்த்த பின்னரே எம்.எக்ஸ். பதிவை மாற்றுதல் வேண்டும். பழைய விடையைப் பிற சேவையகங்கள் சில காலம் நினைவில் வைத்திருக்குமாதலின், அக்கால அளவை முன்னரே குறைத்துவைப்பது அறிவுடைமை.

நான்காவது படியையே பலர் மறக்கின்றனர். முன்வாயிலிற் காவலாளியை நிறுத்திப் பின்கதவைத் திறந்துவிடின் பயன் என்னை? பழைய எம்.எக்ஸ். பதிவை நீக்கியபின், சேவையின் வழியாக வரும் மடல்களை மட்டுமே ஏற்குமாறு நம் சேவையகத்தைக் கட்டுப்படுத்தவேண்டும்.

இவை வரும் கடிதங்களுக்கான காவல். நம் பெயராற் பிறர் எழுதுவதைத் தடுக்க வேறு மூன்று உள. நம் பெயரில் அனுப்ப உரிமையுள்ள சேவையகங்களின் பட்டியல் எஸ்.பி.எவ்.; அது ஒன்றே இருத்தல் வேண்டும், இரண்டாயின் இரண்டும் செல்லா. மடலில் இடப்படும் முத்திரை டிகிம். வழியில் எவரேனும் திருத்தினால் முத்திரை பொருந்தாது. இவ்விரண்டில் ஒன்றேனும் நம் பெயரோடு பொருந்தாத மடலை என்செய்வது என்று பெறுவோருக்கு நாம் விடுக்கும் கட்டளை டிமார்க், 2012-ல் வெளியானது. முதலில் 'அறிக்கை மட்டும் தருக' என்றும், நம் மடல்கள் யாவும் ஒழுங்காயின பின் 'ஒதுக்கி வைக்க' என்றும், இறுதியில் 'மறுத்துவிடுக' என்றும் படிப்படியாக இறுக்குதல் முறை. 2024 பெப்ரவரி முதல், தன் பாவனையாளருக்கு நாளொன்றுக்கு 5000-க்கு மேல் மடல் அனுப்புவோர் இம்மூன்றையும் உடையராதல் வேண்டுமென ஜிமெயில் விதித்துள்ளது.

இவ்வளவும் செய்து நாம் மனநிறைவோடு இருந்தோம். நிறைவு நீடிக்கவில்லை. ஐயத்திற்குரியவை எனச் சேவை ஒதுக்கும் மடல்கள் தனிப் பெட்டியொன்றிற் கிடக்கும். அதனை நாள்தோறும் திறந்து பார்ப்பது யார் கடமையென நாம் வகுத்திருக்கவில்லை. பத்தொன்பது நாட்களுக்குப் பின் திறந்தபோது, அட்டன் பக்கத்து மாணவி ஒருத்தியின் புலமைப் பரிசில் விண்ணப்பம் அங்கே கிடந்தது. வீட்டிற் கணினி இல்லாத அப்பிள்ளை, கடையொன்றிற் பத்திரங்களை ஒரே சுருக்கக் கோப்பாகக் கட்டி அனுப்பியிருக்கிறாள். காவலாளி அதனை ஐயுற்றான். இறுதி நாளும் கடந்துவிட்டது. பிழை நமதாகலின் விண்ணப்பத்தை ஏற்றோம். ஆனால், நம் பாட்டன்மாரின் கடிதங்களைக் கந்தோர் மேசையிற் கிடக்கவிட்டவரை நொந்த நாம், அதே பிழையைச் செய்துவிட்டோமே என்னும் நாணம் இன்னும் தீர்ந்திலது.

இப்போது முறைவைத்து இருவர் காலையும் மாலையும் அப்பெட்டியைப் பார்க்கின்றனர். விண்ணப்ப அறிவித்தல்களிற் கிடைப்புச் செய்தி வராதோர் அழைக்கவேண்டிய தொலைபேசி எண்ணையும் அச்சிடுகின்றோம். கள்ளக் கடிதத்தைத் தடுப்பது காவலின் பாதி; நல்ல கடிதத்தை உரியவர் கையிற் சேர்ப்பது மறு பாதி. மலையகத்து மக்கட்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.