கையளவு "மிக்-21": வீட்டு மேஜையில் ஒரு ஜெட் விமானம்

62 ஆண்டுகள் இந்திய விமானப்படையில் பணியாற்றிய "மிக்-21" ரக ஜெட் விமானம், 2025-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி சண்டிகாரில் விடை பெற்றது. 1963-ல் அது படையில் சேர்ந்ததும் அதே சண்டிகாரில்தான். இனி நம் விமானப்படையில் அது பறக்காது. ஆனால் வீட்டு மேஜையில் அதை நிறுத்தி வைக்கலாம். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வண்ணம் பூசி, நாமே செய்துகொள்ளலாம்.

மராட்டிய மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இந்த விமானம் அந்நியம் அல்ல. நாசிக்கை அடுத்த ஓஜரில் உள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலை, 1964-ல் இதைத் தயாரிக்கவே தொடங்கப்பட்டது. நம்மைப் போன்ற தொழிலாளர்கள் ஷிப்டு முறையில் உழைத்து உருவாக்கிய விமானம் இது.

எவ்வளவு பெரிது?

72-ல் ஒரு பங்கு அளவுள்ள பெட்டிகள் பரவலாகக் கிடைக்கின்றன. மிக்-21-ன் இறக்கைகளின் மொத்த அகலம் 7.15 மீட்டர். மாதிரியில் அது சுமார் 10 சென்டிமீட்டர்தான். ஒற்றை அறைக் குடித்தனத்திலும் இதற்கு இடம் உண்டு.

முதலில் ஆண்டு

பெட்டியைத் திறந்ததும் பசையைத் தேடாதீர்கள். எந்த ஆண்டு விமானத்தைச் செய்யப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆரம்பத்தில் வந்தவை உலோகத்தின் வெள்ளி நிறத்திலேயே பறந்தன. 1971 போரின்போது, எதிரியின் கண்ணில் படாதிருக்க அவற்றின் மேல் வண்ணம் பூசினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி டாக்கா கவர்னர் மாளிகையை ராக்கெட்டுகளால் தாக்கியவை மிக்-21 விமானங்களே. கவர்னர் அன்றே ராஜினாமா செய்தார். ஆண்டை முடிவு செய்யாமல் தூரிகையை எடுத்தால், இரண்டு காலத்து விமானங்கள் ஒன்றில் கலந்துவிடும்.

வேலை முறை

துண்டுகளைச் சட்டத்திலிருந்து கையால் முறுக்கிப் பிடுங்கக் கூடாது. சிறிய கட்டரால் வெட்டி, பிசிறை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் பொருத்திப் பார்ப்பது அவசியம். இதற்கான பசை பிளாஸ்டிக்கையே சற்றுக் கரைத்து இணைக்கிறது. ஒட்டியபின் பிரித்தால் துண்டு பாழாகும்.

விமானி அமரும் அறைக்கு முன்கூட்டியே நீலப்பச்சை வண்ணம் பூசிவிட வேண்டும். உடலின் இரு பாதிகளையும் மூடிவிட்டால் பிறகு தூரிகை நுழையாது. மூடுமுன் மூக்கில் சிறிது ஈயக்குண்டு வைப்பதும் முக்கியம். இல்லையென்றால் முடிந்த விமானம் முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். கண்ணாடி மூடிக்கு வெள்ளை மரப்பசையே நல்லது. வேறு பசையின் ஆவி பட்டால் கண்ணாடி புகை படர்ந்ததுபோல் மங்கிவிடும்.

வண்ணத்தை ஒரே பூச்சில் அப்பாமல், மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்து, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததைத் தொடர வேண்டும். நன்கு காய்ந்ததும் பளபளப்பு வார்னிஷ் பூசி, காவி, வெள்ளை, பச்சை வட்டச் சின்னத்தைத் தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து நகர்த்தி ஒட்டலாம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் சின்னத்தின் அடியில் காற்று தங்கி வெளுப்பாகத் தெரியும்.

எச்சரிக்கை

பசையின் ஆவி உடலுக்குக் கெடுதல்; எளிதில் தீப்பற்றவும் கூடும். சமைக்கும் அறையிலேயே படுக்கும் குடும்பங்கள் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்தபிறகே பசைப் புட்டியைத் திறக்க வேண்டும். கத்தியும் பசையும் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. வளர்ந்த பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து உப்புத்தாள் தேய்க்கச் சொல்லலாம்.

பெட்டியின் விலை மலிவல்ல. ஒரே இரவில் முடிக்க அவசரப்பட்டால் அந்தப் பணம் வீண். வேலை முடிந்து வந்தபின் தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் சில வாரங்களில் விமானம் தயாராகிவிடும். அலமாரியில் அதை நிறுத்தும்போது, ஓஜர் தொழிலாளர்களின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.