பூலாம்பட்டியில் நிற்கும் காவிரி

எடப்பாடியிலிருந்து பேருந்தில் வந்து பூலாம்பட்டித் துறையில் இறங்கினால், எதிரே இருப்பது ஆறா ஏரியா என்று சட்டெனச் சொல்ல முடியாது. அகன்று, அலையில்லாமல் கிடக்கிறது காவிரி. கரையோரம் தென்னை. அதனால்தான் ‘குட்டி கேரளா’ என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் சம்மதமில்லை. இது முழுக்கச் சேலத்துக் காவிரி. டீயை வாங்கிக்கொண்டு கரையில் உட்காருவோம்.

வருகிறவர்களில் பாதிப்பேர், ‘மேட்டூர் அணைத் தண்ணீர் இங்கே வரைக்கும் தேங்கியிருக்கிறது’ என்பார்கள். இல்லை. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை ஒரு குதிர் மாதிரி. 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. அதற்குள் இருக்கும், மாதக்கணக்கில் வைத்து எடுக்கலாம். ஆனால் அந்தக் குதிர் அணைக்கு மேற்புறம். நாம் இருப்பது அணைக்குக் கீழே.

அப்படியானால் இந்த நீரை யார் நிறுத்தியது? ஊரை ஒட்டியிருக்கும் கதவணை. வாய்க்கால் மடையில் பலகை வைத்திருப்பீர்களே, அதை நினைத்துக்கொள்வோம். பலகைக்குப் பின்னால் தண்ணீர் ஒரு சாண் ஏறும். ஏறியபின், வருகிற அளவு அப்படியே தாண்டிப் போகும். நின்றது போலத் தெரிந்தாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கதவணை செய்வதும் அதுதான்: சேர்த்துவைப்பதற்கல்ல, மட்டத்தை உயர்த்துவதற்கு.

மட்டம் எதற்கு உயர வேண்டும்? மேலிருந்து கீழே இறங்கும் நீர்தான் சுழலியைச் சுற்றும். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணைகள். ஒவ்வொன்றும் 30 மெகாவாட். மேட்டூரில் மின்சாரம் தந்துவிட்டு வந்த அதே நீர், படிப்படியாக இறங்கி இன்னும் நான்கு முறை வேலை செய்கிறது. ஒரு குடம்கூடச் செலவாவதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வெள்ளக் காலம். தண்ணீர் பெருகினால் மின்சாரமும் பெருகும் என்றுதானே நினைப்போம்? கதவுகளைத் தூக்கிவிட்டால் மேலும் கீழும் ஒரே மட்டமாகிவிடும். இறக்கம் இல்லை, சுழலியும் நிற்கும். அன்றைக்குப் படகும் ஓடாது.

ரைன் ஆற்றில் சுவிஸ் கரையில் ஒன்றும் ஜெர்மன் கரையில் ஒன்றுமாக, ரைன்ஃபெல்டன் என்ற ஒரே பெயரில் இரண்டு ஊர்கள். அங்கே 1898-லேயே ஓடும் ஆற்றில் இப்படி மின்சாரம் எடுத்தார்கள். நமக்கும் எதிர்க்கரை உண்டு, ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. சந்தைக்கும் சொந்தபந்தம் பார்க்கவும் போகிறவர்கள் விசைப்படகில் ஏறுகிறார்கள். டம்ளரைக் கொடுத்துவிட்டு வாருங்கள், நாமும் ஏறிக்கொள்வோம். நடு ஆற்றில் கையை நீரில் விட்டால், அது கீழ்நோக்கி மெல்ல இழுப்பது தெரியும்.