தளர்ந்த பிடி

போன மாதம் கொழும்பிலிருந்து வந்த அக்கா மகள், கொட்டகலை டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள். கையில் தனியார் ஆய்வுகூடம் ஒன்றின் அறிக்கை. "மாமா, எனக்கு மரபணுக் கோளாறாம். பிள்ளை தங்காதாம்." கல்யாணமாகி நான்கு மாதம்தான். சம்பளத்தில் பாதியைக் கொடுத்து அந்தத் தாளை வாங்கியிருக்கிறாள். எம்.டி.எச்.எஃப்.ஆர் என்றொரு பெயர், 677 என்றொரு எண், அதன் பக்கத்தில் இரண்டு 'டி' எழுத்து. விளக்கிச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. மீதியை வாட்ஸ்அப் சொல்லிக்கொடுத்துவிட்டது.

அவளுக்கு அன்று சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். அவளைப் போல் பயந்துபோனவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

உடம்பில் ஓயாமல் நடக்கும் வேலைகளில் ஒன்று மெத்திலேற்றம். ஒரு காபன், மூன்று ஐதரசன், அவ்வளவுதான் மெத்தில் என்ற துணுக்கு. டிஎன்ஏ மீது அது ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் அந்த இடத்து மரபணு அடங்கிக் கிடக்கும், அகன்றால் விழிக்கும். கண்ணிலும் கல்லீரலிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள். எது அடங்க வேண்டும், எது விழிக்க வேண்டும் என்ற கணக்கில் இந்தத் துணுக்குகளுக்கும் பங்குண்டு. துணுக்கைச் சுமந்துவந்து கொடுப்பது கீரையிலும் பருப்பிலும் உள்ள போலேற்று என்ற பி விற்றமின். அதைக் கொடுக்கத் தோதான வடிவத்துக்கு மாற்றுவதுதான் எம்.டி.எச்.எஃப்.ஆர் நொதியத்தின் வேலை. பி12 துணையோடு ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அந்தத் துணுக்கைப் பெற்று மெத்தியோனின் ஆகிறது. டிஎன்ஏக்குத் துணுக்கு போவது அந்த மெத்தியோனின் வழியாகத்தான். வேலை தடைப்பட்டால் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் சேரும்.

இந்த நொதியத்துக்கான மரபணுவில் 677ஆவது எழுத்தாக 'சி' இருக்க வேண்டிய இடத்தில் சிலருக்கு 'டி' இருக்கிறது. 1995இல் மொன்றியலில் ரீமா ரோசனின் குழு இதைக் கண்டறிந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களிடம் இது உண்டு. இலங்கையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என எல்லாரிடமும் உண்டு. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் 'டி' வந்தவர்களுக்கு நொதியத்தின் வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது.

கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். கத்தியில் குறையில்லை, பிடிதான் தளர்ந்திருக்கிறது. பி2 விற்றமினிலிருந்து வரும் துணைப்பொருள் ஒன்றை இந்த நொதியம் இறுக்கிப் பிடிக்காமல் நழுவவிடுகிறது. போலேற்றும் பி2வும் போதுமான அளவு இருந்தால் ஆப்பு இறுக்கியது போல் பிடி நிற்கும். போலேற்றின் மாத்திரை வடிவமான போலிக் அமிலத்தை ஒரே அளவு எடுத்தால், இரண்டு 'டி' உள்ளவரின் இரத்தப் போலேற்று மற்றவரைவிடச் சுமார் 16 வீதம்தான் குறைவு. தட்டில் ஒன்றும் இல்லாதபோதுதான் இந்த எழுத்து வதைக்கத் தொடங்குகிறது.

தட்டைப் பார்க்க வேண்டும் என்று முதலில் காட்டியவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலைசெய்த கர்ப்பிணிகள் கடுமையான இரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்து வேலைசெய்தார். நம் சொந்தங்கள் கொழுந்து பறிக்கும் இன்னொரு மலை அது. கடைசியில் அந்தப் பெண்களைத் தேற்றியது மலிவான மார்மைட். 1931இல் அதை எழுதி வெளியிட்டார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வெந்நீரில் கரைத்துக் கொடுக்கிறோமே, அதே கறுப்புக் குழம்புதான். 1934–35 மலேரியாக் காலத்தில் இடதுசாரிகளான சூரியமல் இயக்கத்தார் இந்நாட்டுக் கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோனார்கள். அதற்குள் இருந்த பொருளை 1941இல் அமெரிக்காவில் கீரையிலிருந்து பிரித்து, இலை என்ற பொருள்படப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் அதைச் செயற்கையாக உண்டாக்கிய குழுவுக்குத் தலைவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இலை என்று பெயர் பெற்ற அந்த விற்றமின், இலை பறிக்கிறவர்களின் சாப்பாட்டில்தான் குறைகிறது. காலையில் கோதுமை மா ரொட்டி, கட்டச் சம்பல், சாயத்தண்ணி. பகலுக்கும் பல வீடுகளில் அதுவேதான். நுவரெலியா மலையில் விளையும் கோவாவும் லீக்ஸும் லொறியேறிக் கீழே போகின்றன. இருக்கிற கீரையையும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால் போலேற்று அந்தத் தண்ணீரோடு போய்விடும். 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத சின்னப் பிள்ளைகள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். ஒரு விற்றமின் மட்டும் செய்த வேலையல்ல அது. அந்த லயங்களின் அடுப்பு எப்படி எரிகிறது என்பதற்கு அது சாட்சி.

எனக்குப் பெரிய ஆதங்கம் நாள் கணக்கில்தான். கருவின் மூளையும் முள்ளந்தண்டும் ஆகப்போகிற குழாய், கரு உண்டான 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிலக்கு தள்ளி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. பலருக்குத் தெரிந்தே இருக்காது. அந்தக் குழாய் சரியாக மூடாமல் பாதிக்கப்பட்ட பிள்ளையை ஏற்கெனவே பெற்ற தாய்மாரிடம் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வு 1991இல் வெளியானது. கருவுறுமுன்பே போலிக் அமிலம் எடுத்தவர்களிடம் அந்தக் குறை மறுபடி வருவது 72 வீதம் குறைந்திருந்தது. நம் நாட்டில் புதுமணத் தம்பதிகளுக்கு இந்த மாத்திரையைக் கிளினிக்கில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் கிளினிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். அதனால் வயிறு தெரிந்த பிறகுதான் போகிறார்கள். அந்த ஒரு நாள் சம்பளத்தைத் தோட்டம் கொடுத்தால் என்ன?

மரபணுச் சோதனை விற்கிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. கருச்சிதைவுக்கோ இரத்தக் கட்டிக்கோ காரணம் தேடி இந்தச் சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இலேயே சொல்லிவிட்டது. விலை கூடிய மெத்தில்போலேற்று மாத்திரையும் தேவையில்லை. இரண்டு 'டி' உள்ள உடம்பும் சாதாரண போலிக் அமிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். பிள்ளைக்குக் குறை வராமல் தடுப்பதாக நிரூபணமானதும் அதுதான். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். மீன், முட்டை, பால் தொடாதவர்கள் பி12 பற்றியும் வைத்தியரிடம் கேட்பது நல்லது.

உணவு இல்லாமல் போனால் மெத்தில் தடம் மாறும் என்பதற்கு நெதர்லாந்தில் சான்று உண்டு. 1944–45 பஞ்சத்தில் கருவானவர்களை அறுபது ஆண்டு கழித்துச் சோதித்தபோது, உடன்பிறந்தவர்களைவிட வளர்ச்சி மரபணு ஒன்றில் மெத்தில் குறைந்திருந்தது. 2008இல் அது வெளிவந்தது. அதை வாசித்தபோது எனக்கு 1974 நினைவுக்கு வந்தது. தோட்டங்களில் பட்டினிச்சாவு விழுந்த அந்தப் பஞ்சத்தில் அம்மா வயிற்றில் இருந்தவள் என் அக்கா. பெண் சிசுவுக்குச் சினைமுட்டைகள் தாய் வயிற்றிலேயே உருவாகிவிடும். அறிக்கையோடு வந்து நின்ற இவளின் முதல் அணுவும் அந்தப் பஞ்சத்துக்குள் இருந்ததுதான்.

மறுநாள் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயர் பதிந்து மாத்திரை வாங்கி வந்தோம். திரும்பும் வழியில் கேட்டாள்: "அம்மாவுக்கும் இந்த 'டி' இருக்குமா, மாமா?"

"ஒன்றாவது இருக்கும். அப்பாவுக்கும் ஒன்றாவது இருக்கும். இல்லாவிட்டால் உனக்கு இரண்டு எப்படி வந்தது?"

"அம்மா மூணு பிள்ளை பெத்தாங்களே" என்றாள்.

வாசலில் அக்கா பொன்னாங்காணி ஆய்ந்துகொண்டிருந்தாள். இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.