'குடி' என்னும் சொல்

தமிழில் 'குடி' என்பது குடும்பத்தையும் குறிக்கும். குடும்பங்கள் கூடி வாழும் ஊரையும் குறிக்கும். சாத்தூரை அடுத்த இருக்கன்குடியில் இவ்விரு பொருளும் ஒன்றாதலைக் காண்கிறோம். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் தழுவிய கரிசல் ஊர் அது. ஆடிக் கடைசி வெள்ளியன்று மாரியம்மன் கோயிலுக்கு இலட்சக்கணக்கானோர் வருவர். அவர்கள் சென்றபின் ஊர் மீண்டும் சில தெருக்களாகச் சுருங்கிவிடும்.

அத்தெருக்களில் எவரும் தனியர் அல்லர். 'இன்னார் மகன்' என்றே அறியப்படுவர். இது இளையோர்க்குச் சுமைதான். தேர்வில் தவறிய செய்தி, மதிப்பெண் பட்டியலுக்கு முன்பே தேநீர்க்கடையை எட்டிவிடும்!

அண்டை வீட்டார் பசித்திருக்கத் தாம் மட்டும் உண்பதை நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்தார்கள். அதனைப் பேண, அப்பசி முதலில் நமக்குத் தெரியவேண்டுமன்றோ? மாநகர அடுக்ககத்தில் அது கதவுக்குள் அடங்கிவிடுகிறது. சிற்றூரில் மறைத்தாலும் மறைவதில்லை.

2021 பிப்ரவரி 12 அன்று, சாத்தூர் அருகே அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடித்துப் பத்தொன்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொலைவில் இருந்தோர்க்கு அஃது ஓர் எண். இவ்வட்டாரத்துச் சிற்றூர்களிலோ, இத்தகைய நாளில் எவ்வீட்டு அடுப்பு எரியாது என்பதை எவரும் எவரிடமும் கேட்பதில்லை. சோற்றுப் பாத்திரத்துடன் நேரே அவ்வாயிலுக்குச் செல்வர்.