மெலிந்த காற்றில் ஒரு கோல் வேட்டைக்காரர்

மெக்சிகோவில் லெயோன் என்றொரு நகரம் இருக்கிறது. சப்பாத்துக்கும் தோல் பொருட்களுக்கும் பெயர்போன ஊர். கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 1800 மீற்றர். நம்முடைய நுவரெலியா 1868 மீற்றர். உலகத்தின் மறுபக்கத்தில் இருந்தாலும் இரண்டு ஊர்க்காரருக்கும் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த லெயோன் கழகத்துக்காக 1984-85 பருவத்தில் ஆடிய ஒருவர், மெக்சிகோ முதற்பிரிவு லீக்கில் அதிக கோல்கள் போட்டவராக வந்தார். முப்பத்தாறு வயதைத் தாண்டிய ஆள். முன்கள வீரர்கள் வழக்கமாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டில் இருக்கும் வயது அது.

அவர் பெயர் எவனிவால்டோ காஸ்ட்ரோ. மெக்சிகோக்காரர்களுக்கு 'காபின்யோ'. 1948இல் பிரேசிலின் சல்வடோர் என்னும் துறைமுக நகரில் பிறந்தவர். அலையடிக்கும் ஊர்ப் பிள்ளை, 1974இல் 2240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிகோ சிட்டிக்குப் போய், அங்குள்ள பல்கலைக்கழகக் கழகமான பூமாஸில் சேர்ந்தார். 1975-76 தொடங்கி 1981-82 வரை ஏழு பருவங்கள் தொடர்ந்து லீக்கின் அதிக கோல் பட்டியலில் முதலிடம். அதில் ஒரு வருடம் மட்டும், பிறகு ரியல் மட்ரிட்டில் புகழ்பெற்ற ஹூகோ சாஞ்செஸுடன் பங்கிட்டுக்கொண்டார். லெயோனில் கிடைத்தது எட்டாவது தடவை. மெக்சிகோ லீக்கில் அவர் போட்ட மொத்தக் கோல்கள் 312. நம் லயத்துச் சுவர்களில் பெலே, ரொனால்டோ, நெய்மார் படங்கள் ஒட்டப்பட்டதுண்டு. காபின்யோவின் படத்தை நான் எங்கும் கண்டதில்லை. மலைநாட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய பிரேசில் வீரர் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் உயரம் என்பது உதைபந்தாட்டத்தில் சாக்குப்போக்கு அல்ல, கணக்கு.

மலையில் ஒட்சிசன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். காற்றில் அதன் பங்கு கொழும்பிலும் 21 வீதம், பிதுருதலாகலை உச்சியிலும் 21 வீதம்தான். குறைவது அமுக்கம். கடற்கரையின் அமுக்கத்தை 100 என்று வைத்தால் ஹட்டனில் 86, நுவரெலியாவில் 80, பொலிவியாவின் லா பாஸில் 64. அமுக்கம் குறையும்போது நுரையீரலிலிருந்து குருதிக்குள் ஒட்சிசனைத் தள்ளும் விசையும் குறைகிறது.

முன்கள வீரருக்கு இது எங்கே வலிக்கும்? ஒரே ஓட்டத்தில் அல்ல. பத்து இருபது மீற்றர் பாய்ந்தோடத் தேவையான சக்தி தசைக்குள்ளேயே சேமிப்பில் இருக்கிறது. அந்தச் சில வினாடிகளுக்கு மூச்சு தேவையில்லை. வில்லங்கம் அடுத்த பாய்ச்சலில்தான். செலவழிந்த சேமிப்பை நிரப்ப ஒட்சிசன் வேண்டும். காற்று மெலிந்த ஊரில் அது மெதுவாகவே நிரம்பும். கீழ்நாட்டிலிருந்து வரும் அணி முதல் இருபது நிமிடம் துள்ளி ஆடிவிட்டு, அதன்பின் இடுப்பில் கைவைத்து நிற்பதன் காரணம் இதுதான்.

அங்கேயே தங்கிவிட்டவரின் உடம்பு வேறு வழி பார்க்கும். குருதியில் ஒட்சிசன் குறைந்ததைச் சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே மோப்பம் பிடித்து, எரித்ரோபொயட்டின் என்ற ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். எலும்பு மச்சை அதைக் கேட்டுச் செங்குழியங்களை அதிகமாக உருவாக்கத் தொடங்கும். பலன் கைக்கு வர வாரக்கணக்காகும். கலங்கள் ஒட்சிசன் குறைவை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஞாயிறு நண்பகல் வெயிலில் சொந்த மைதானத்தில் ஆடுவது பூமாஸின் வழக்கம். அங்கே காபின்யோவின் எதிரே நின்ற தடுப்பாட்டக்காரர் சில வேளை தாழ்நிலத்திலிருந்து நேற்று வந்தவர். காபின்யோவோ பல வருடம் அந்தக் காற்றைக் குடித்தவர். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. பெட்டிக்குள் பந்து எங்கே விழும் என்பதைச் செங்குழியம் சொல்லித் தராது.

அவருடைய நாட்டு அணி இந்தக் கணக்கில் பலமுறை தோற்றிருக்கிறது. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் பிரேசில் கண்ட முதல் தோல்வியே 1993இல் லா பாஸில்தான், 2-0. 2017இல் அங்கே கோல் இல்லாமல் சமநிலையில் முடித்த பின், ஒட்சிசன் முகமூடியுடன் தானும் சக வீரர்களும் இருக்கும் படத்தை நெய்மார் வெளியிட்டு, இது மனிதத்தன்மையற்றது என்று பொருமினார். 2025 செப்டெம்பரில் பொலிவியா இன்னும் மேலே, 4100 மீற்றருக்கு மேற்பட்ட எல் ஆல்டோவுக்கு ஆட்டத்தைக் கொண்டுபோய் 1-0 என வென்றது. 2007இல் பீஃபா உயரமான மைதானங்களில் சர்வதேசப் போட்டிகளைத் தடைசெய்யப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த வருடமே பின்வாங்கியது. அதே 2007இல் பேட்ரிக் மெக்ஷாரி என்ற ஆய்வாளர் தென்னமெரிக்காவின் நூறு வருடத்து 1460 ஆட்டங்களை அலசினார். ஒரே உயரத்து அணிகள் மோதினால் சொந்த மைதான அணி வெல்லும் வாய்ப்பு சுமார் 54 வீதம்; பிரேசில் பொலிவியாவுக்குப் போனால் பொலிவியாவின் வாய்ப்பு 82 வீதத்தைத் தாண்டும் என்று கண்டார்.

ஆனால் தயாராகப் போனால் மலையும் வழிவிடும். 1970 உலகக் கிண்ணத்துக்குப் பிரேசில் வாரக்கணக்கில் முன்னதாகவே மெக்சிகோ போய், உயரமான குவானாஹுவாத்தோவில் பயிற்சி எடுத்தது. அந்தத் தொடரில் அவர்கள் போட்ட 19 கோல்களில் 12 இரண்டாம் பாதியில் வந்தவை. மற்றவர்கள் மூச்சு வாங்கிய நேரத்தில் இவர்கள் ஓடினார்கள்.

இனி பந்துக்கு வருவோம். காற்று மெலிந்தால் பந்தைத் தடுக்கும் விசையும் மெலியும். மணிக்கு 108 கிலோமீற்றர் வேகத்தில் உதைபடும் பந்தின் மீது கடற்கரைக் காற்று போடும் தடை, கிட்டத்தட்ட அந்தப் பந்தின் சொந்த எடைக்குச் சமம். கொழும்பின் 28 பாகைச் சூட்டையும் நுவரெலியாவின் 16 பாகைக் குளிரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நுவரெலியாக் காற்றின் அடர்த்தி 17 வீதம் குறைவு. குளிர் இல்லாவிட்டால் வித்தியாசம் 20 வீதமாக இருந்திருக்கும். மலை எடுத்துக்கொண்டதில் கொஞ்சத்தைக் குளிர் திருப்பித் தருகிறது. என் கணக்கில், 20 மீற்றர் தூரத்து உதை கொழும்பில் 88 கிலோமீற்றர் வேகத்தில் கோலை எட்டினால் நுவரெலியாவில் 91இல் எட்டும். அற்பமான வித்தியாசம்தான்.

பெரிய வித்தியாசம் வளைவில். சுழலும் பந்தைப் பக்கவாட்டில் தள்ளுவதே காற்றுதான். காற்று 17 வீதம் குறைந்தால் வளைவும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். கொழும்பில் மூன்று மீற்றர் வளையும் பந்து இங்கே இரண்டரை மீற்றரோடு நின்றுவிடும். 1997 ஜூனில் பிரான்சின் லியோன் நகரில் அந்நாட்டு அணிக்கு எதிராக ரொபர்ட்டோ கார்லோஸ் சுமார் 35 மீற்றரிலிருந்து உதைத்த ஃப்ரீ கிக்கை நினைத்துப் பாருங்கள்: தடுப்புச் சுவருக்கு வெளியே போய், கடைசியில் உள்ளே வளைந்து, கம்பத்தில் பட்டு கோலானது. அதே உதையை லா பாஸில் உதைத்திருந்தால் பந்து வெளியேதான் போயிருக்கும்.

மஸ்கெலியாவிலோ டிக்கோயாவிலோ மேல்பிரிவும் கீழ்ப்பிரிவும் மோதும் ஆட்டங்களில் வளரும் பையன், மலைக்காற்றுக்கு ஏற்ற உதையைக் காலாலேயே கற்றுக்கொள்கிறான். கொழும்புக்கு இறங்கினால் அவன் பந்து எதிர்பார்த்ததைவிட அதிகமாக வளையும். அதைச் சரிசெய்யச் சில பயிற்சிகள் போதும்.

ஆனால் மலையில் பிறந்ததாலேயே நம் பிள்ளைகளுக்கு இரண்டு நுரையீரல் கூடுதல் என்ற பெருமைப் பேச்சை நான் ஏற்பதில்லை. விளையாட்டு மருத்துவத்தில் 500 முதல் 2000 மீற்றர் வரை 'தாழ்ந்த உயரம்' என்றே வகைப்படுத்துகிறார்கள். நுவரெலியா அதன் மேல் விளிம்பு, ஹட்டன் நடு. குருதியை நன்றாகத் தூண்டும் பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் 2000 மீற்றருக்கு மேலேதான் இருக்கின்றன. நமக்குக் கிடைக்கும் அனுகூலம் சிறியது.

அந்தச் சிறிய அனுகூலத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சிறுநீரகம் எவ்வளவு கட்டளை போட்டாலும், இரும்புச்சத்து இல்லாமல் ஈமோகுளோபின் உருவாகாது. இங்கேதான் நம் கதை மெக்சிகோவிலிருந்து பிரிகிறது; நம் பிள்ளைகள் பலருக்குப் போதிய ஊட்டமே இல்லை. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் சுமார் 17 வீதம். தோட்டங்களில் சுமார் 32 வீதம். இப்படி வளர்ந்த பிள்ளைதான் பதினைந்து வயதில் நம் முன்கள வீரன்.

அவனுடைய காலைச் சாப்பாட்டைப் பாருங்கள். கோதுமை மா ரொட்டி, சம்பல், கூடவே ஒரு கோப்பை சாயத்தண்ணி. ரொட்டியைப் பிய்த்து ஒரு வாய், தேத்தண்ணி ஒரு மிடறு. தேயிலையிலுள்ள தனின் வகைப் பொருட்கள் தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றின் இரும்புச்சத்தைக் குடலிலேயே பிடித்துக் கட்டிவிடும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உடம்பில் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் வீணாகிறது. துருப்பிடித்த ஆணியொன்றைச் சாயத்தண்ணிக் கோப்பையில் இரவு போட்டு வைத்தால், விடியும்போது தண்ணி மைபோலக் கறுத்திருக்கும். குடலில் நடப்பதும் இரும்பும் தனினும் சேரும் அதே வேலைதான். மலை குருதியைக் கூட்டச் சொல்கிறது. மலையில் விளைந்த கொழுந்தே தடுத்து நிற்கிறது.

நுவரெலியாவில் உயர்நில விளையாட்டு வளாகம் என்ற பேச்சு பல வருடமாக இருக்கிறது. வரட்டும், நல்லதுதான். அதுவரை தோட்டத்துப் பயிற்றுநர்களும் பெற்றோரும் செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. தேத்தண்ணியைச் சாப்பாடு முடிந்து ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள். பருப்புக்கும் கீரைக்கும் தேசிக்காய் பிழியுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும். கிடைக்கும்போது நெத்தலிக் கருவாடு சேருங்கள். அணி தெரிவுக்கு முன்னால் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈமோகுளோபின் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் மைதானத்தில் இன்னும் இரண்டு சுற்று ஓடவிடுவதற்குப் பதிலாக முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.